தமிழும் சமநீதியும்: விபுலாநந்த அடிகளின் தொண்டு

கற்றோர் இருவகையினர். கற்றதைத் தம்மளவில் வைத்து இன்புறுவோர் ஒருவகையினர். கற்றது கல்லாதாரைச் சென்றடைதல் வேண்டும் என்று உழைப்போர் மற்றொரு வகையினர். முதல் வகையினரால் நூல்கள் பெருகும். இரண்டாம் வகையினரால் நாடு உயரும். இவ்விரு தன்மையும் ஒருவரிடத்தே கூடுதல் அரிது. நுண்ணிய ஆராய்ச்சியில் மூழ்கினோர்க்குத் தெருவிலே நிற்கும் ஏழைச் சிறுவனின் முகம் தெரிவதில்லை. ஏழையின் துயர் துடைக்கப் புறப்பட்டோர்க்கு ஏடு விரிக்க நேரம் கிடைப்பதில்லை. இந்த அரிய கூட்டுறவு கீழ்மாகாணத்தில் மட்டக்களப்பு வாவிக்கரையிலே ஒருவரிடம் நிகழ்ந்தது. அவர் விபுலாநந்த அடிகள். யாழ்நூல் ஆசிரியர் என்று அவரைத் தமிழுலகம் போற்றுகின்றது, அது தகும். ஆயினும் அவரது புலமையை மட்டும் எடுத்துப் பேசி, அப்புலமையை இயக்கிய சமநீதி வேட்கையைப் பேசாது விடுவது பாதி வரலாறே ஆகும். மற்றப் பாதியை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

அடிகளை அறிதற்கு முன் அவர் பிறந்த நிலத்தை அறிதல் வேண்டும். மட்டக்களப்பு வாவி கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரிந்த நிலம் படுவான்கரை எனப்படும். ஞாயிறு எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. பெயர் அழகியது, ஆனால் இரு கரைகளின் வாழ்வும் ஒன்றாக இருக்கவில்லை. பட்டினமும் பாதையும் கல்விச்சாலையும் பெரும்பாலும் எழுவான்கரையிலே அமைந்தன. நெல்லை விளைவித்து எழுவான்கரைக்கு அனுப்பிய படுவான்கரை மக்களின் பிள்ளைகளோ எழுத்தறிவுக்குத் தோணியேறிச் செல்ல வேண்டியிருந்தது. எழுவான்கரையிலும் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாலையில் தொடுத்த இரு நிறப் பூக்களைப் போல மாறிமாறி அமைந்துள்ளன. ஒருவர் வயலில் மற்றவர் உழைப்பதும், ஒருவர் சந்தையில் மற்றவர் பொருள் கொள்வதும் நெடுங்கால வழக்கம்.

இந்நிலத்தில் ஆங்கிலக் கல்வி கிறித்தவ மிஷனரிமாரால் வந்தது. 1814 ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய பாடசாலையே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873 ஆம் ஆண்டில் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. இக்கல்லூரிகள் செய்த நன்மை பெரிது. எனினும் அக்காலத்து ஆங்கிலக் கல்வி கட்டணம் செலுத்த வல்லவர்க்கே உரியதாயிற்று. கட்டணமின்றிக் கிடைத்த சுயமொழிக் கல்வியோ உத்தியோகத்துக்கு வழிகாட்டவில்லை. ஆகவே அறிவுக்கு விலை குறிக்கப்பட்டிருந்த காலம் அது. அடிகளின் பிற்காலப் பணிகள் யாவற்றுக்கும் இவ்வுண்மையே அடிப்படை.

1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காரைதீவு என்னும் ஊரிலே சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்டு வழங்கிய பெயர் மயில்வாகனன். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்தது காரைதீவு. அன்று மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1961 ஆம் ஆண்டு முதல் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தது. குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் முதலெழுத்துக் கற்ற சிறுவர், கல்முனையிலும் பின்பு மட்டக்களப்பிலும் பயின்று, புனித மிக்கேல் கல்லூரியிலிருந்து 1908 ஆம் ஆண்டில் கேம்பிரிட்சு சீனியர் பரீட்சையில் தேறினார். அப்போது அவருக்கு வயது 16. உடனே அக்கல்லூரியிலேயே ஆசிரியரானார். பின்பு கொழும்பு அரசினர் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றார். 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையில் தேறி, அப்பட்டம் பெற்ற முதல் இலங்கையர் என்னும் பெருமையை அடைந்தார். 1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரைத் தேடி வந்தது.

அக்காலத்தில் விஞ்ஞானப் பட்டமும் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றவர் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? உயர்ந்த உத்தியோகமும் பெருஞ் செல்வமும் அவருக்கு எட்டிய தூரத்தில் இருந்தன. அவர் அவற்றின்பால் நடக்கவில்லை. 1922 ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் பூண்டார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று சிவாநந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். மடத்தின் தமிழ் வெளியீடாகிய இராமகிருஷ்ண விஜயம், ஆங்கில வெளியீடாகிய வேதாந்த கேசரி ஆகியவற்றின் ஆசிரியப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

துறவு என்றதும் காடும் குகையும் நினைவுக்கு வருதல் இயல்பு. அடிகள் பூண்ட துறவு அத்தன்மையது அன்று. வறியவரிடத்தே இறைவனைக் கண்டு தொண்டு செய்தலே வழிபாடு என்று விவேகாநந்தர் வகுத்த நெறி அது. 1897 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் விவேகாநந்தர் கொழும்பில் வந்திறங்கியபோது மயில்வாகனன் காரைதீவில் ஐந்து வயது நிரம்பாத சிறுவர். அன்று கொழும்பில் மூட்டப்பட்ட தீ கால் நூற்றாண்டின் பின் கீழ்மாகாணத்தில் விளக்காக ஏற்றப்பட்டது.

1925 ஆம் ஆண்டில் இலங்கை திரும்பிய அடிகள் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பேணும் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலே வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலையிலே இந்துப் பாடசாலை, மட்டக்களப்பைச் சூழ்ந்த சிற்றூர்களிலே பல தமிழ்ப் பாடசாலைகள் ஆகியன அவர் பார்வையில் வளர்ந்தன. அவற்றுள் அவரது நெஞ்சத்துக்கு மிக அணித்தாயிருந்தது கல்லடி உப்போடையில் 1929 ஆம் ஆண்டில் தோன்றிய சிவாநந்த வித்தியாலயம் ஆகும். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, நடுவே வெண்மணற் பரப்பு; அங்கே தம் குருவின் பெயரால் அவர் எழுப்பிய கல்விச்சாலை அது. அதன் அருகே மாணவர் இல்லமும் அமைந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளும் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளும் அங்கே உணவும் உடையும் கல்வியும் பெற்றனர்.

ஒரு பாடசாலையைத் திறத்தலில் உரிமைப் போராட்டம் எங்கே உள்ளது என்று வினவுவார் இருக்கலாம். அவ்வினாவுக்கு விடை அக்காலத்து வரலாற்றிலேயே உள்ளது. 1930 ஆம் ஆண்டை ஒட்டி யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சம ஆசனத்தில் இருத்த வேண்டும் என்னும் விதி வந்தபோது, அதனை எதிர்த்து மனுக்கள் எழுதப்பட்டன. சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. வாங்கிலே அமர்வதா, தரையிலே அமர்வதா என்பதே அன்றைய பூசல். ஒரு சிறுவன் மற்றொரு சிறுவனுடன் ஒரே வாங்கில் அமர்ந்து அகரம் எழுதுவதைப் பொறாத சமுதாயத்திலே, பிறப்பை நோக்காது பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பாடசாலை ஒன்றை நடத்துவது வெறும் கல்விப்பணி அன்று. அது சமநீதியின் அறிவிப்பு.

இதனினும் தெளிவான சான்று தமிழகத்திலே கிடைக்கின்றது. 1931 ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பல்கலைக்கழகத்தை அடுத்திருந்தது திருவேட்களம். அங்கே தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்கள் வாழ்ந்த சேரி ஒன்று இருந்தது. பகலிலே சங்கச் செய்யுளுக்கும் சிலம்புக்கும் பொருள் விரித்த பேராசிரியர், மாலையிலே அச்சேரிக்குச் சென்றார். பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். இரவுப் பள்ளி நடத்தினார். மக்களோடு கூடி இருந்து நலம் வினவினார். காவியுடுத்த துறவியும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஆகிய ஒருவர் சேரிக்குள் அடியெடுத்து வைப்பது அந்நாளிலே சிறு செய்தி அன்று. திருவிதாங்கூரிலே கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 ஆம் ஆண்டில். சென்னை மாகாணத்திலே அதற்குச் சட்டம் வந்தது 1939 ஆம் ஆண்டில். அடிகளின் கால்கள் சட்டத்துக்கு முன்னரே நடந்துவிட்டன.

அதே பல்கலைக்கழகத்திலே அவர் செய்த மற்றொரு செயலும் இங்கே நினைக்கத்தக்கது. பாரதியார் மறைந்தது 1921 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில். அதன் பின் பத்தாண்டு கழிந்தும் புலவர் பலர் அவரைப் பெருங்கவி என ஏற்கத் தயங்கினர். எளிய சொல்லில் பாடியது ஒரு குறை. வேற்றரசை எதிர்த்துப் பாடியது இன்னொரு குறை. 1928 ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் அவர் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ததும் உண்டு. அத்தகைய சூழ்நிலையிலே அடிகள் பாரதி கழகம் ஒன்றை அமைத்து, அப்பாடல்களை இசையோடு பாடச் செய்து மாணவரிடையே பரப்பினார். பழந்தமிழ் நூல்களில் ஊறிய பண்டிதர் ஒருவர் பாரதியாரை உயர்த்திப் பேசினார் என்பது பிறர் தயக்கத்தைப் போக்கியது. கல்லாதார்க்கும் விளங்கும் கவிதையே காலத்துக்கு வேண்டிய கவிதை என்பதை அவர் உணர்ந்திருந்தார். சேரிக்குச் சென்ற கால்களும் பாரதியைப் பரப்பிய நாவும் ஒருவருடையனவாக இருந்தமை தற்செயல் அன்று.

மொழி பற்றிய அவரது பணியையும் இந்நோக்கிலே காணுதல் வேண்டும். ஒரு நாட்டின் மக்கள் தம் தாய்மொழியிலே விஞ்ஞானம் கற்க இயலாதிருப்பின், அந்நாட்டிலே அறிவு சிலர் கையில் அடைபட்டுக் கிடக்கும். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அடிகளுக்கு இது நன்கு தெரியும். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936 ஆம் ஆண்டில் பச்சையப்பன் கல்லூரியிலே கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். அறிஞர் பலர் கூடி உழைத்ததன் பயனாகப் பல துறைச் சொற்களை அடக்கிய கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் தமிழிலே கற்பிக்கப்பட்டபோது அவ்வுழைப்பு பயன் தந்தது. ஆங்கிலம் அறியாத வீட்டுப் பிள்ளைக்கும் ஆய்வுகூடத்தின் கதவு திறக்கும் என்றால், அக்கதவின் திறவுகோல் இத்தகைய சொற்களே.

ஆயினும் அடிகள் ஆங்கிலத்தைப் பகைத்தவர் அல்லர். 1926 ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்க சூளாமணி என்னும் நூலிலே ஆங்கில நாடகப் பெருங்கவியைச் செகசிற்பியார் என்று தமிழ்ப் பெயர் இட்டு அழைத்து, அவருடைய நாடகங்கள் பன்னிரண்டைத் தமிழ் நாடக மரபோடு ஒப்பிட்டு விளக்கினார். பிறர் செல்வத்தைத் தம் மக்களுக்குக் கொணர்தலும் தம் செல்வத்தைப் பிறர்க்குக் காட்டுதலும் அவருக்கு ஒரே தொழிலாயின. 1939 முதல் இமயத்து மாயாவதி ஆசிரமத்தில் இருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தியதும் அத்தொழிலின் ஒரு பகுதியே.

சமயப் பொறுமை என்னும் சொல்லை மேடையில் வழங்குவோர் பலர். அதனைச் செயலில் வழங்கியமைக்குக் கல்முனை சாட்சி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 ஆம் ஆண்டளவில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனையிலே உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றினார் ஏ. எம். ஏ. அசீஸ். இலங்கைச் சிவில் சேவையிலே சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். அவருக்கும் அடிகளுக்கும் நட்பு மலர்ந்தது. வயல் வளம் மிக்க அப்பகுதி முஸ்லிம் மக்கள் கல்வியிலே பின்தங்கி நிற்பதை எண்ணி வருந்திய அசீஸ் அவர்களுக்கு, அடிகளின் பேச்சும் முன்மாதிரியும் ஊக்கம் அளித்தன. முதலிலே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கமும், பின்பு 1945 ஆம் ஆண்டில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியும் தோன்றின. ஏழை முஸ்லிம் மாணவர் பலர் பல்கலைக்கழகம் செல்ல அந்நிதி கைகொடுத்தது. அசீஸ் 1948 ஆம் ஆண்டில் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு சாகிராக் கல்லூரியின் அதிபரானார். காவியுடுத்த துறவி ஒருவரின் சொல், வேறொரு சமயத்தார் வீட்டுப் பிள்ளைகளின் கல்விக்கு விதையாயிற்று. கல்வி உரிமை தம் இனத்துக்கு மட்டும் உரியது என்று கருதியவரிடத்து இது நிகழ்ந்திராது.

1943 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார் அடிகள். பல்லாண்டு உழைத்து ஆக்கிய யாழ்நூல் அப்போது நிறைவை நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கொழிந்து போன யாழ் என்னும் இசைக்கருவியின் அமைப்பையும், பண்களின் கணக்கையும், சிலப்பதிகார அரங்கேற்றுகாதையின் துணைகொண்டும் ஒலி பற்றிய பௌதிக அறிவின் துணைகொண்டும் அவர் மீட்டெடுத்தார். இலக்கியம் அறிந்தவர் கணிதம் அறியார்; கணிதம் அறிந்தவர் சிலம்பு அறியார்; இரண்டும் அறிந்தவர் இசை அறியார். மூன்றும் ஒருவரிடம் கூடியமையாலேயே அந்நூல் பிறந்தது. மட்டக்களப்பு வாவியிலே நிலாக் காலத்தில் எழும் இன்னொலியைக் கேட்டு நீரரமகளிர் இன்னிசைப் பாடல் என்னும் செய்யுளையும் அவர் இயற்றினார். மீன்பாடும் தேன்நாடு என்று தன்னாட்டைப் பிறர் புகழக் கேட்டு மகிழ்ந்ததோடு அமையாது, அவ்வொலியிலே இசையிலக்கணத்தைத் தேடியவர் அவர்.

1947 ஆம் ஆண்டு சூன் 5, 6 ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ்நூல் அரங்கேறியது. நூலில் கண்ட அளவுகளின்படி அமைத்த யாழ்களும் அங்கே இசைக்கப்பட்டன. அடிகளின் உடல் அப்போதே நலிந்திருந்தது. ஆறு வாரங்கள் கழிந்து, சூலை 19 ஆம் நாள் அவர் கொழும்பிலே மறைந்தார். அவர் உடல் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, கல்லடி உப்போடையிலே அவர் எழுப்பிய சிவாநந்த வித்தியாலயத்தின் முன்றிலில் அடக்கம் செய்யப்பட்டது. பேராசிரியர் பதவி கொழும்பில் இருந்தது; நூல் அரங்கேறியது சோழநாட்டில்; ஆயினும் அவர் இளைப்பாறும் இடம் ஏழை மாணவர் நடமாடும் மணற்றரையே ஆயிற்று.

இத்தகைய வாழ்வு தமிழ்நிலத்துக்கு மட்டும் உரியதன்று. கிழக்கே கடல்கள் கடந்து நோக்கின் பிலிப்பைன்ஸ் நாட்டு யோசே ரிசால் தோன்றுகின்றார். கண் மருத்துவர், மொழிகள் பல அறிந்தவர், 1887 ஆம் ஆண்டிலும் 1891 ஆம் ஆண்டிலும் வெளிவந்த தம் இரு நாவல்களால் ஸ்பானிய ஆட்சியின் கொடுமையை உலகுக்குக் காட்டியவர். அதற்குத் தண்டனையாக 1892 ஆம் ஆண்டில் தப்பித்தான் என்னும் இடத்துக்கு நாடு கடத்தப்பட்டார். மயில்வாகனன் பிறந்த ஆண்டும் அதுவே. அங்கே ரிசால் சும்மா இருந்தாரல்லர். ஊர்ச் சிறுவர்களுக்குப் பாடசாலை நடத்தினார். ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார். 1896 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள் மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றனர். அந்நாட்டிலே அம்மரபு அற்றுப்போகவில்லை. கவிஞரும் பேராசிரியருமாகிய பியன்வெனிதோ லும்பெரா, 1972 ஆம் ஆண்டில் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்ட பின், 1974 ஆம் ஆண்டில் சிறைப்பட்டார். பின்னர் மகசேசே விருதும் தேசியக் கலைஞர் என்னும் நிலையும் பெற்று 2021 ஆம் ஆண்டில் மறைந்தார். வங்கத்துத் தாகூரும் 1901 ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்தில் பள்ளி நிறுவியவரே. 1919 ஆம் ஆண்டில் சாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து ஆங்கில அரசர் அளித்த பட்டத்தைத் துறந்தவரே. கவிஞர், ஆசிரியர், நீதிக்கு வாதாடுவோர் என்னும் மூன்று தொழிலும் ஒருவரிடம் சேர்வதை அடிமைப்பட்ட நாடுகளிலே மிகுதியாகக் காண்கின்றோம். எழுத்தறிவே மறுக்கப்பட்ட இடத்திலே, எழுதுவோன் கற்பிப்போனாகவும் ஆதல் வேண்டும். கற்பிப்போன் தடையை எதிர்ப்போனாகவும் ஆதல் வேண்டும்.

எனினும் ஒப்புமை காட்டுவோர் வேற்றுமையையும் மறைத்தல் ஆகாது. ரிசால் ஆட்சியை நேரே எதிர்த்தார். அடிகளின் வழி பாடசாலை வழி. ரிசால் ஆள்வோரின் மொழியிலே எழுதி ஆள்வோரைக் குற்றங் கூறினார். அடிகள் தம் மக்களின் மொழியை வளப்படுத்தி மக்களை உயர்த்த முயன்றார். அடிகள் தம் பணியைத் தொண்டு என்று அழைத்தாரேயன்றி, உரிமைப் போர் என்று அழைத்தாரல்லர். தொண்டுக்கும் உரிமைக்கும் வேறுபாடு உண்டு. தொண்டு கொடுப்போனின் அருளைப் பொறுத்தது. கொடுப்போன் மறைந்தால் அதுவும் மறையக்கூடும். உரிமை பெறுவோனுக்கே சொந்தம். அதனை அவன் கைகூப்பிக் கேட்க வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை வைத்து நோக்கின், அடிகளின் பணி எப்பக்கத்தது?

காலம் அவ்வினாவுக்கு விடை தந்துள்ளது. இலவசக் கல்வித் திட்டம் இலங்கையிலே 1945 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளைக்குக் கட்டணமின்றி உயர்கல்வி அளித்தல் கூடும் என்பதைச் சிவாநந்த வித்தியாலயம் போன்ற கல்விச்சாலைகள் அதற்கு முன்னரே செய்து காட்டியிருந்தன. அடிகள் மறைந்து ஓராண்டும் சில மாதங்களும் கழிந்தபின், 1948 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைகளின் உலகப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவர்க்கும் கல்வி உரிமை உண்டு என்று அதன் 26 ஆம் உறுப்புரை கூறுகின்றது. பண்பாட்டு வாழ்விலே பங்குகொள்ளும் உரிமையை அதனை அடுத்த உறுப்புரை கூறுகின்றது. சாதியின் பேரால் பொது இடங்களில் மனிதரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையிலே 1957 ஆம் ஆண்டில் வந்தது. அதன் பின்னும் 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரக் கோயில் வாயிலிலே மக்கள் போராட வேண்டியிருந்தது. சட்டம் ஓரிரவிலே மனத்தை மாற்றுவதில்லை என்பதற்கு இதுவே சான்று. மனத்தை மாற்றும் பணியை ஆசிரியன் செய்கின்றான். மாறிய மனத்துக்குச் சட்டம் காவல் செய்கின்றது. தொண்டாகத் தொடங்கியதை உரிமையாக முடிக்க இரண்டும் வேண்டும். அடிகள் செய்தது அம்முதற் பகுதி. அது இல்லையேல் இரண்டாம் பகுதி வெறும் ஏட்டெழுத்து.

அடிகளின் பாடசாலைகள் 1960 ஆம் ஆண்டை அடுத்து அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. அவர் பெயரால் கல்லடியில் எழுந்த இசை நடனக் கல்லூரி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக விளங்குகின்றது. ஆனால் அவர் மறைந்தபின் வாவிக்கரை கண்ட துயரங்கள் சிறியன அல்ல. போர்க் காலத்திலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் உயிரிழந்தனர்; அடுத்தடுத்து வாழ்ந்த ஊர்களிடையே அச்சம் புகுந்தது. அக்காலத்திலும் ஆசிரியரும் குருமாரும் வாய்மூடி இருந்தாரல்லர். மட்டக்களப்புப் பிரசைகள் குழுவை வழிநடத்திய சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஆம் ஆண்டு சூன் மாதத்திலே சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியிலே பல்லாண்டு பணியாற்றிய இயேசு சபைக் குருவாகிய யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆம் ஆண்டு ஆகத்து 15 ஆம் நாள் காணாமற் போனார். விபுலாநந்தர் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்த அதே கல்லூரி அது.

இலக்கியமும் அக்கடமையைக் கைவிடவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சித்திரலேகா மௌனகுரு 1986 ஆம் ஆண்டில் சொல்லாத சேதிகள் என்னும் பெண் கவிஞர் தொகுப்பைப் பதிப்பித்து, அதுவரை ஒலிக்காத குரல்களை ஒலிக்கச் செய்தார். மட்டக்களப்பிலே பெண்கள் நலன் கருதிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் பணிகளிலும் ஈடுபட்டார். அடிகளின் காலத்திலே வாங்கில் இடம் பெறாத சிறுவனின் உரிமை பேசப்பட்டது. பிற்காலத்திலே வீட்டினுள்ளும் ஏட்டினுள்ளும் இடம் பெறாத பெண்ணின் உரிமை பேசப்பட்டது. வினாக்கள் மாறின, வினவும் கடமை மாறவில்லை.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியையும் காரைதீவையும் தாக்கியது. அன்று உயிர் தப்பியோர் இனமும் சமயமும் பாராது பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தனர். துன்பம் வந்தபோது ஒன்றுகூடத் தெரிந்த மக்கள் துன்பம் இல்லாதபோதும் ஒன்றுகூடி வாழ்தல் இயலாததன்று. அதற்கு வேண்டியது கல்வி. அக்கல்வியிலும் பிறனைத் தன்னைப் போல் எண்ணும் பயிற்சி.

விபுலாநந்த அடிகளுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம். சிலைக்கு மாலை சூட்டுகின்றோம். யாழ்நூலின் அருமையைப் பேசுகின்றோம். இவை யாவும் தக்கனவே. ஆயினும் படுவான்கரையின் ஒரு மூலையிலே ஆசிரியரின்றி ஒரு வகுப்பு இருக்கும்வரை, வறுமையால் ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு நெல்வயலுக்கோ வாவிக்கோ வேலைக்குச் செல்லும்வரை, அவ்விழாக்கள் நிறைவு பெறா. தமிழைப் போற்றுவோர் தமிழ் பேசும் ஏழையையும் போற்றுதல் வேண்டும் என்பதே அடிகள் தம் வாழ்வால் எழுதிச் சென்ற உரை. அவ்வுரையைப் படிப்பதற்குப் பண்டிதர் பட்டம் வேண்டியதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குச் செல்கின்றதா என்று கேட்கும் மனம் ஒன்றே போதும்.